ஈரத்துணி சுடும், டீச்சர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டு தடவை உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. முப்பத்து நாலு வருடம் நின்றுகொண்டே பேசிய கால்கள், இப்போது உட்கார்ந்திருந்தாலும் வலிக்கின்றன. ஆனால் தட்டிக்கழித்ததற்குக் காரணம் வேறு. ஓய்வுபெற்றவர்கள் எழுதும் இந்த மாதிரிக் கட்டுரைகளை நிறையவே வாசித்திருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும், எழுதியவர் கடைசியில் நல்லவராகத்தான் வெளியே வருவார். எனக்கு அப்படி எழுத வராது, வரவழைக்கவும் தெம்பு இல்லை.

எப்படிப் பாடம் நடத்துவது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு அறிவியலில் வருவது. எந்தப் பொருளை எதனால் செய்கிறார்கள், ஏன் அதனால் செய்கிறார்கள் என்ற பாடம். பூட்டு ஏன் இரும்பில் இருக்கிறது, கரண்டிக்கு ஏன் மரப்பிடி போடுகிறார்கள், சைக்கிள் டயர் ஏன் ரப்பரில் இருக்கிறது. இதை நடத்துவதில் என்ன தப்பு வந்துவிடப்போகிறது என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எண்பதுகளின் தொடக்கம். சத்துணவு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் மதுரையில் குடியிருந்தேன். திருமங்கலம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கி ஒன்றரை மைல் நடை. அப்படிப் போய்ச் சேரும் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஊர்ப்பெயர் வேண்டாம். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது ஒழுங்காக முடிந்தால்தான் வேலை நிலைக்கும். வீட்டில் அப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருந்தார். தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கு வேலை பார்க்கும் ஆள் நான் ஒருத்திதான்.

என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்துக்கு வேண்டிய சாமான்கள் அரசாங்கத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. தலைமையாசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் அவர்தான் பதில் எழுத வேண்டும். உடையாமல் இருக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் தொடக்கூடாது. அதனால் கண்ணாடியைக் காட்டாமலே கண்ணாடியைப் பற்றி நடத்தினேன்.

“ஜன்னலுக்கு ஏன் கண்ணாடி போடுறாங்க?” என்று கேட்டேன். விடை, வெளிச்சம் வருவதற்காக. முன்வரிசையில் ஒரு பயல் எழுந்து, “வெளிச்சம் வர்றதுக்குக் கண்ணாடி எதுக்கு டீச்சர், ஓட்டை இருந்தாப் போதும்ல” என்றான். பிள்ளைகள் எல்லாம் எங்கள் வகுப்பு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஓட்டைதான் இருந்தது, வெளிச்சமும் நன்றாக வந்துகொண்டிருந்தது. நான் அவனை உட்காரச் சொன்னேன். அவன் சொன்னதை வைத்தே ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கலாம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அவன் பாடத்தைக் கெடுக்கிறவனாகத்தான் தெரிந்தான். அடுத்த வியாழக்கிழமை கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. நாற்பது வாயிலிருந்தும் ஒரே விடை வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

உலோகம், மரம், ரப்பர் என்று போய்த் துணியில் வந்து நின்றேன். கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ‘துணி சூட்டைக் கடத்தாது. ஆகவே சூடான பாத்திரங்களைத் துணியால் பிடிக்கிறோம்.’ எல்லாரும் சேர்ந்து நாலு தரம் சொன்னார்கள். ஐந்தாவது தரம் சொல்லும்போது செல்வி கையைத் தூக்கினாள்.

செல்வி, பள்ளியில் சத்துணவு சமைக்கும் பாக்கியத்தின் மகள். ஊருக்குக் கிழக்கே கண்மாய்க்கரையை ஒட்டி இருக்கும் காலனியிலிருந்து வருகிறவள். அந்தக் காலனிக்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பாக்கியமும் அதுவரை அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்பும்தான் பார்த்துவந்தாள். மாதச் சம்பளத்துக்கு அந்தக் காலனியிலிருந்து முதலில் வேலைக்குப் போன பெண் அவள்தான். இதில் ஊரில் பலருக்கு வயிற்றெரிச்சல். என் வகுப்பிலேயே பத்துப் பிள்ளைகள் மதியத்துக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்கள். கேட்டால், சத்துணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். யார் கை சமைத்தது என்பதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நானும் சொன்னதில்லை.

“ஈரத்துணி சுடும், டீச்சர்” என்றாள் செல்வி.

“என்னது?”

“ஈரமா இருந்தாச் சுடும் டீச்சர். எங்கம்மா சட்டி எறக்குறதுக்குன்னே காஞ்ச துணி தனியா வச்சிருக்கும். அத நாங்க நனைச்சுட்டா வையும்.”

“புத்தகத்துல ஈரத்துணின்னு போட்டிருக்கா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். நாங்கள் ஐந்தாவது தரமும் சொல்லி முடித்தோம்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஈரத்துணி சுடும் என்பது எனக்கும் தெரியும். தினமும் காலையில் உலை இறக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஈரத் துணியால் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டது எத்தனையோ தடவை. ஆனால் அடுக்களையில் தெரிந்ததையெல்லாம் பள்ளி வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். உள்ளே போனால் புத்தகம் மட்டும்தான். இந்தத் தவற்றை வாத்தியார்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கொத்தனார், தனக்குத் தெரிந்த சிமெண்டுக்கு மாறாகப் பேசமாட்டார்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலேயே வகுப்பைக் கூட்டி, கரும்பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கித் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுத்தது என் வகுப்பு. சும்மா ஒப்பிக்கவைக்காமல் ஒரு சோதனை செய்துகாட்டினால் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிவிட்டுப் போவார் என்று எனக்கு ஆசை. ஒரு போணி வெந்நீர், அதில் ஒரு எவர்சில்வர் கரண்டி, ஒரு மர அகப்பை. இரண்டின் காம்பையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கரண்டியும் அகப்பையும் மேசையில் தயாராக இருந்தன. வெந்நீர் ஆறிவிடக்கூடாது என்று கடைசி நிமிடம் வரை விட்டுவைத்திருந்தேன்.

வகுப்புத் தலைவி வசந்தாவைக் கூப்பிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை பார்ப்பவரின் மகள். வகுப்பில் முதல் மாணவி, சொன்ன சொல்லைத் தட்டாதவள், எட்டு வயது.

“சமையக்கட்டுக்குப் போய்ப் பாக்கியத்துக்கிட்டக் கேட்டு ஒரு போணி வெந்நீர் வாங்கிட்டு வா. துணி வச்சுப் பிடிச்சுக்க, சுடாது. சீக்கிரம் வா” என்றேன்.

இந்த மூன்று வாக்கியத்தை எத்தனை தடவை மனதுக்குள் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வசந்தா ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கரும்பலகையைத் துடைத்துக் கொடியில் போட்டிருந்த துணி அது. இன்னும் காயவில்லை.

சமையற்கட்டில் பாக்கியம் முதுகைக் காட்டி நின்று, சோற்றுப் பானையை இரண்டு கையாலும் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வெந்நீர்ப் போணி அடுப்போரம் கொதித்துக்கொண்டிருந்தது. வசந்தா அவளைக் கூப்பிடவில்லை. மதியச் சோற்றை வீட்டிலிருந்து கொண்டுவரும் பத்துப் பேரில் வசந்தாவும் ஒருத்தி. பாக்கியத்தின் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது என்பது அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தது. டீச்சர் வாங்கிட்டு வா என்கிறாள், வீட்டில் வாங்காதே என்கிறார்கள். இரண்டுக்கும் பணிந்த பிள்ளை என்ன செய்யும்? யாரிடமும் வாங்காமல் தானே எடுத்தது. ஈரத்துணியைப் போணியின் விளிம்பில் போட்டுத் தூக்கியது. நாலு அடி வந்திருக்கும், சூடு துணியைத் தாண்டிக் கைக்கு வந்துவிட்டது. அப்படியே கால்மேல் போட்டுவிட்டது.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போவதற்குள் பாக்கியம் பானையை விட்டுவிட்டுப் பிள்ளையை வாரியெடுத்து, அதன் காலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் மைப்புட்டியோடு ஓடிவந்தார். சுட்ட இடத்தில் பேனா மையை ஊற்றினால் கொப்புளம் வராது என்று அந்தக் காலத்தில் எல்லாரும் செய்வதுதான்.

“வேணாம் சார். தண்ணியே இருக்கட்டும்” என்று பாக்கியம் புறங்கையால் மைப்புட்டியைத் தடுத்தாள். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரின் முகம் சுண்டிப்போனது. வசந்தாவை அதிகாரியின் ஜீப்பிலேயே திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரில் வைத்ததுதான் நல்லது என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அதை ஊருக்குள் யாரும் சொல்லவில்லை.

பிற்பகல் வசந்தாவின் அப்பாவும் இன்னும் நாலு பேரும் பள்ளிக்கு வந்தார்கள். கால் எப்படி இருக்கிறது என்றுதான் பேச்சு தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

“சுட்டது ஒரு பக்கம் இருக்கட்டும் சார். எம்புள்ளைய அவ எதுக்குத் தூக்குனா?” என்று கேட்டார் அப்பா.

நானும் அங்கேதான் நின்றேன். பிள்ளை வலியில் துடித்ததால் தூக்கினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மாணவி தானாகவே சமையலறைக்குச் சென்றாள் என்றும், சமையல் செய்பவரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்றும் எழுதியிருந்தது. கீழே எனக்கு ஓர் இடம் விட்டிருந்தது.

“நான்தான் சார் அனுப்பினேன்” என்றேன்.

“தெரியும் டீச்சர். நீங்க அனுப்புனதா எழுதுனா மொதல்ல உங்க வேல போகும். உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. அடுத்து என்னையக் கேப்பாங்க. அந்தம்மாவுக்கு என்ன, பழையபடி நடவுக்குப் போயிட்டுப் போகுது. கையெழுத்தப் போடுங்க.”

போட்டேன். யோசிக்க நேரம் இல்லை என்று சொல்லமாட்டேன். நேரம் இருந்தது. அப்பாவை நினைத்தேன், தம்பிகளை நினைத்தேன், கையெழுத்துப் போட்டேன். அவர்களை நினைக்காமல் இருந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பயம் வந்துவிட்டால் காரணம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். மறுநாளிலிருந்து பாக்கியத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு பெண் வந்து சமைத்தாள். தூக்குவாளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

திங்கட்கிழமை சிலேட்டில் ஒரு தேர்வு வைத்தேன். அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. சூடான பாத்திரத்தை ஏன் துணியால் பிடிக்கிறோம் என்பது கடைசிக் கேள்வி. வரிசையாகச் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தேன். செல்வியின் சிலேட்டு வந்தது. ‘துணி சூட்டைக் கடத்தாது.’ முத்து முத்தான கையெழுத்து, ஒரு பிழை இல்லை. சாக்பீஸ் என் கையில் இருந்தது. சரி போட வேண்டும். கை போகவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அம்மாவின் வேலையை எடுத்த வாக்கியம் அது. அதைத்தான் எழுதிக் காட்டி மதிப்பெண்ணுக்காக நின்றாள்.

அன்றைக்குப் பள்ளி விட்டதும் காலனிக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. பாக்கியம் களையெடுப்பு முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேறு முழங்கால் வரை இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பியது நான், சுடாது என்று சொன்னது நான், கையெழுத்துப் போட்டதும் நான். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் திட்டுவாள், அல்லது பரவாயில்லை டீச்சர் என்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது கிடைத்தாலும் மனது லேசாகிவிடும் என்றுதான் போயிருந்தேன்.

பாக்கியம் கால் கழுவுவதை நிறுத்தவில்லை.

“இத எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்றீக? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே செல்வி சொல்லிருச்சு. தெரியாதவுகளுக்குப் போய்ச் சொல்லுங்க” என்றாள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கடைசி பஸ் போயிரும். கெளம்புங்க” என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. மறுநாளே போய் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். இன்னும் இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியரிடம் சொல்லாமல், திருமங்கலத்தில் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிய தாளை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

“இது எதுக்கும்மா இப்ப? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே” என்றார்.

“எனக்கு முடிஞ்சிருச்சு சார். அந்தம்மாவுக்கு முடியல” என்றேன். அவ்வளவு தெளிவாக நான் பேசியது என் வேலைக்காலத்திலேயே அந்த ஒரு தடவைதான்.

என் வேலை போகவில்லை. தகுதிகாண் பருவத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். தலைமையாசிரியர் அதுவரை என்னோடு பேசவில்லை, எதுவானாலும் துண்டுச்சீட்டில்தான் எழுதி அனுப்புவார். விசாரணை அது இது என்று இழுத்து, மூன்று மாதம் கழித்துப் பாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவள் வந்த அன்றைக்கே தூக்குவாளிகளும் திரும்ப வந்தன. வசந்தா காலில் சுருங்கிய தோலோடு வந்து முன்வரிசையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். “நீங்க சுடாதுன்னு சொன்னீங்கள்ல டீச்சர்” என்று மட்டும் ஒருநாள் கேட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

நீங்களும் கேள்வி கேட்பீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை விடைக்குறிப்பில் இல்லாததைச் சொல்லும். பெரும்பாலும் அது தப்பாகத்தான் இருக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் போகும். அதிகாரி வருகிற அன்றைக்கும் அந்த இரண்டு நிமிடம் இருக்கும், நமக்குத்தான் இல்லாததுபோலத் தெரியும்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு அந்தப் பாடத்தை இன்னொரு தடவை நடத்தினேன். பிள்ளைகளை வரிசையாக வரவைத்து, வெதுவெதுப்பான பாத்திரத்தைக் காய்ந்த துணியாலும் ஈரத்துணியாலும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, செல்வி சொன்னதுதான் சரி என்று நாற்பது பேருக்கும் முன்னால் சொன்னேன். கரும்பலகையிலும் எழுதினேன். பிள்ளைகள் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் என் வகுப்பில் ஒருநாளும் கையைத் தூக்கவில்லை.

கடைசி நாள் எல்லாரும் போன பிறகு அவளை மட்டும் நிறுத்தினேன். “இனிமே எந்த டீச்சர் சொன்னாலும் சரி, தப்புன்னு தோணுச்சுன்னா கையத் தூக்கிச் சொல்லணும். என்ன?” என்றேன்.

செல்வி பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். கேலி இல்லை, கோபம் இல்லை. பணிவாகத்தான் சொன்னாள்.

“நீங்க என்ன எழுதச் சொல்றீகளோ, அத எழுதுறேன் டீச்சர்.”